காட்டுப் பூவரசு ஏன் கரிசலுக்கு வரவில்லை?

பூவரசு இலையில் பீப்பி ஊதாத பிள்ளை நம் கோவில்பட்டிப் பக்கம் கிடையாது. இலையைச் சுருட்டி, ஒரு முனையைப் பல்லால் நசுக்கி, உதட்டில் வைத்து ஊதினால் தெருவே திரும்பிப் பார்க்கும். மஞ்சளாகப் பூத்து, வாடும்போது செம்மை ஏறும் அந்தப் பூவையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, பொங்கல் முடிந்த கையோடு எங்கள் பள்ளிக்கூடத்தில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். பேரிஜம் ஏரிக்குப் போகும் பாதையில், புல்மேடும் சோலைக்காடும் சேருகிற இடத்தில் ஒரு மரம் நின்றது. கோணல்மாணலான மரம். கிளை நுனியெல்லாம் குங்குமத்தை அள்ளி அப்பியதுபோல் கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூ. கூட வந்த வனக்காவலரிடம் பேர் கேட்டோம். "காட்டுப் பூவரசு" என்றார்.

பூவரசு என்று கேட்டதும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. கீழே கிடந்த இலை ஒன்றை எடுத்துச் சுருட்டிப் பார்த்தேன். சுருளவில்லை. செருப்புத் தோல்போல் அவ்வளவு தடிப்பு. மேல்பக்கம் கரும்பச்சையாகப் பளபளத்தது. அடிப்பக்கம் வெளிர் பழுப்பில் மெல்லிய கம்பளி ஒட்டியதுபோல் இருந்தது. அழுத்தி மடக்கினேன், படக்கென்று ஒடிந்துவிட்டது.

பேர்தான் ஒன்று, இரண்டுக்கும் உறவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நம் ஊர்ப் பூவரசு பருத்தியின் சொந்தக்காரன். பருத்தி, வெண்டை, செம்பருத்தி, பூவரசு எல்லாம் ஒரே குடும்பம். நான்கு பூக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டாம். வெண்டைப் பூவையும் பூவரசம் பூவையும் பார்த்தாலே அண்ணன் தம்பி ஜாடை தெரியும். மலையில் நிற்கும் காட்டுப் பூவரசோ ரோடோடென்ட்ரான் என்னும் இனம். அதன் குடும்பத்துக்கு எரிகேசியே என்று பெயர். உலகம் முழுவதும் சுமார் 4,000 வகைச் செடிகள் உள்ள பெரிய குடும்பம் அது. பெரும்பாலானவை ஆண்டு முழுவதும் இலை உதிர்ந்து மொட்டையாகாத பசுமைமாறாப் புதர்ச்செடிகள். அப்படிப்பட்ட பெரிய குடும்பத்தில் ஒருவர்கூட நம் கரிசல்காட்டில் தானாக முளைத்து வளர்வதில்லை. ஏன் என்று கேட்டுக்கொண்டு போனால் மண்ணைப் பற்றியும் வேரைப் பற்றியும் நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

எனக்கு அந்தப் பாடம் ஒரு தொட்டிச் செடியில் தொடங்கியது. சுற்றுலாவில் கைச்செலவுக்குக் கொடுத்த காசில் ஓர் அசேலியாச் செடி வாங்கினேன். அசேலியாவும் ரோடோடென்ட்ரான் இனம்தான், குட்டையாகப் புதர்போல் வளர்வது. இளஞ்சிவப்புப் பூ நிறைந்த அந்தத் தொட்டியை மடியிலேயே வைத்து ஊருக்குக் கொண்டுவந்தேன். தொட்டி சின்னதாக இருக்கிறதே, பாவம், நல்ல நிலத்தில் வைப்போம் என்று கொல்லையில் குழி தோண்டிக் கரிசல் மண்ணில் நட்டேன். தினமும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன்.

தாத்தா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எழுபது வருசம் கரிசலில் ஏர் பிடித்த சம்சாரி அவர்.

"ஏல, மலைச்செடிக்குக் கரிசல் ஒத்துக்கிடாதுடா. அது இங்க என்னத்தத் திங்கும்?"

"தண்ணி ஊத்துறேன்ல தாத்தா."

"தண்ணிய மட்டும் குடிச்சா வயிறு நெறஞ்சிருமா?"

மூன்று வாரத்தில் புதுத் தளிர்கள் மஞ்சளடித்தன. எல்லாமே மஞ்சள் இல்லை. நரம்புகள் மட்டும் பச்சை, நடுவில் மஞ்சள், வலை வரைந்ததுபோல். பிறகு ஓரம் கருகியது. ஐம்பது நாளில் செடி குச்சியாக நின்றது. தாத்தா இலையைக் கையில் வாங்கிப் பார்த்தார். "சுக்கான் காட்டுல வெதச்ச கடலை இப்படித்தான் மஞ்சளடிக்கும்" என்றார்.

சுக்கான் கல்லை உங்களுக்குத் தெரியும். கரிசலை உழும்போது கொழுவில் தட்டுப்படும் வெள்ளை வெள்ளையான கல். அது சுண்ணாம்புச் சத்து உருண்டு திரண்டு கல்லானது. இப்போதே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு சுக்கான் கல்லைக் கழுவித் துடைத்து, அதன்மேல் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுங்கள். காதைக் கிட்டே கொண்டுபோனால் 'உஸ்' என்று மெல்லிய சத்தம் கேட்கும். கண்ணை வைத்துப் பார்த்தால் பொடிப்பொடியாய் நுரை பொங்கும். எலுமிச்சையில் இருக்கும் அமிலம் சுண்ணாம்புக் கல்லைக் கரைக்கும்போது கரியமில வாயு வெளியேறுகிறது. அந்தக் குமிழிகள்தான் நுரை. கரிசல் மண்கட்டி மேலும் ஊற்றிப் பாருங்கள். சில காடுகளில் மண்ணே நுரைக்கும்.

மண்ணில் புளிப்பு எவ்வளவு, கார்ப்பு எவ்வளவு என்று சொல்ல விஞ்ஞானிகள் பி.எச். என்னும் அளவை வைத்திருக்கிறார்கள். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். எலுமிச்சைச் சாறு 2 பக்கம் வரும். நம் கரிசல் மண் 8 பக்கம். கொடைக்கானல் சோலைக்காட்டு மண் 5 பக்கம். எட்டுக்கும் ஐந்துக்கும் மூன்றுதானே வித்தியாசம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த அளவில் ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு. மூன்று படி என்றால் பத்தைப் பத்தால் பெருக்கி, மறுபடியும் பத்தால் பெருக்க வேண்டும். ஆக, மலைமண் நம் மண்ணைவிட ஆயிரம் மடங்கு அமிலம்.

இலைக்குப் பச்சை நிறம் உண்டாவதற்குச் செடிக்கு இரும்புச்சத்து வேண்டும். கரிசலில் இரும்பு இல்லாமல் இல்லை, தாராளமாக இருக்கிறது. ஆனால் சுண்ணாம்பு மிகுந்த கார மண்ணில் அந்த இரும்பு தண்ணீரில் கரையாது. கரையாததை வேர் உறிஞ்ச முடியாது. பெட்டியில் பணம் இருந்து சாவி தொலைந்த கதைதான். பருத்தியும் கம்பும் சோளமும் அந்தப் பூட்டைத் திறக்க வழி கற்றவை. என் அசேலியாவுக்கு அது தெரியாது. நான் ஊற்றிய ஆழ்துளைத் தண்ணீரும் உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடினநீர். பாசமாக ஊற்றிய ஒவ்வொரு குடமும் அதற்குக் கெடுதலாகத்தான் முடிந்திருக்கிறது.

மலைமண் புளித்ததற்கும் நம் மண் சுண்ணாம்பு கோத்துக்கொண்டதற்கும் மழைதான் காரணம். கோவில்பட்டியில் ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். பெய்த தண்ணீர் மண்ணைக் கழுவிக்கொண்டு ஓடுவதற்குள் வெயில் அதை மேலே இழுத்துவிடும். சுண்ணாம்பு மண்ணிலேயே தங்கிவிடும். மலை உச்சிகளில் இதைவிடப் பல மடங்கு மழை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மழை கழுவிக் கழுவிச் சுண்ணாம்பைக் கீழே கொண்டுபோய்விட்டது. 2,000 மீட்டர் ஏறினால் நம் ஊரைவிட 13 டிகிரி அளவு குளிர் கூடுதல் என்பதால், உதிர்ந்த இலை சீக்கிரம் மக்குவதுமில்லை. அரைகுறையாக மக்கிக் கறுத்துப் பஞ்சு மெத்தைபோல் கிடக்கும். அதிலிருந்தும் அமிலம் ஊறும்.

அப்படியானால் மலைமண் நல்ல மண், கரிசல் கெட்ட மண் என்று அர்த்தமா? இல்லவே இல்லை. செடிகளுக்கு வேண்டிய பல சத்துகளை மழை அடித்துப்போன ஏழை மண் அது. கரிசல்தான் செழிப்பு. தண்ணீர் மட்டும்தான் இங்கே பஞ்சம். அந்த ஏழை மண்ணில் காட்டுப் பூவரசு எப்படிக் கொழுகொழுவென்று நிற்கிறது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

எரிகேசியே குடும்பத்துச் செடிகளின் நுனிவேர் தலைமுடியைவிட மெல்லியது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மற்ற செடிகளின் வேரில் தண்ணீர் உறிஞ்சுவதற்கென்று இருக்கும் பொடி ரோமங்கள் இதற்குக் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு பூஞ்சையைத் துணைக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. வேரின் வெளித்தோலில் உள்ள அறைகளுக்குள் அந்தப் பூஞ்சை குடியிருக்கும். அங்கிருந்து நூல் நூலாக மக்கிய இலைக்குள் புகுந்து, மற்ற செடிகளால் எடுக்க முடியாத தழைச்சத்தைக் கரைத்து எடுத்துவந்து செடிக்குக் கொடுக்கும். செடி வெயிலில் சமைத்த சர்க்கரையைப் பூஞ்சைக்குக் கொடுக்கும். பண்டமாற்றுதான், காசு பணம் இல்லை. தாத்தா கேட்டாரே, அது என்னத்தத் திங்கும் என்று, அதற்கு விடை இதுதான். மக்கிய இலையும் அமில மண்ணும் இருந்தால்தான் இந்தக் கூட்டுக் குடித்தனம் நடக்கும்.

இந்த மென்மையான வேரைக் கோடையில் கரிசலுக்குள் வைத்து நினைத்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் நம் காடு பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்புக்குள் முழங்கை வரை நுழையும். பென்சில் விழுந்தால் எடுக்க முடியாது. ஈரத்தில் உப்பி, காய்ச்சலில் சுருங்கும் களிமண் நம்முடையது. சுருங்கும்போது முடிபோன்ற வேரெல்லாம் அறுந்துபோகும். பருத்திக்கு நேராக ஆழத்துக்குப் போகும் ஆணிவேர் இருக்கிறது, அடியில் உள்ள ஈரத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

இலையை எடுத்துக்கொள்ளுங்கள். சத்து கிடைப்பதே அரிதான இடத்தில் வருசா வருசம் எல்லா இலையையும் உதிர்த்துவிட்டுப் புதிதாகச் செய்தால் கட்டுப்படியாகாது. அதனால் காட்டுப் பூவரசு தடித்த, மெழுகு பூசிய இலையைச் செய்து பல மாதம் வைத்துக் காப்பாற்றுகிறது. ஒருமுறை வாங்கிய நல்ல தோல் செருப்பைப் பல காலம் போடுவதுபோல. பட்டையும் தடித்தது, புல்வெளியில் தீ பரவினாலும் பெரிய மரம் தாக்குப்பிடிக்கும். நம் ஊர் உடைமரமும் ஆவாரையும் சிறு சிறு இலை வைத்து வேறு விதமாகச் சமாளிக்கின்றன. அவற்றுக்குச் சத்தைவிடத் தண்ணீரைச் சேமிப்பதுதான் பெரிய கவலை.

பூவுக்கு வருவோம். மரத்தடியில் உதிர்ந்த பூ ஒன்று கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். ஐந்து மடல் சேர்ந்த மணி. உள்ளே பத்து மகரந்தத் தாள்கள். மற்ற பல பூக்களில் மகரந்தப் பை நீளவாக்கில் பிளக்கும். இதில் நுனியில் இரண்டு ஓட்டை மட்டும்தான், மேசையில் வைக்கும் உப்புக் குப்பியின் மூடிபோல. அந்த ஓட்டையில் விரல் நுனியை வைத்து மெல்ல இழுத்தால், மகரந்தம் பொடியாகக் கொட்டாமல் ஒட்டும் நூலாக இழுபட்டு வரும். மகரந்தத் துகள்கள் நான்கு நான்காகச் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத பிசின் இழைகளில் கோத்திருக்கின்றன. தேன் குடிக்க வரும் குருவியின் நெற்றியில் ஒரு சரம் ஒட்டினால் போதும், அடுத்த பூவுக்கு மொத்தமாகப் போய்ச் சேரும்.

தேன் என்றதும் நாக்கைச் சப்புக்கொட்ட வேண்டாம். ரோடோடென்ட்ரான் வகைகள் பலவற்றில் நஞ்சு உண்டு. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் இன்றைய துருக்கியின் கருங்கடல் கரையோரம் போன கிரேக்கப் படைவீரர்கள் காட்டுத் தேனை உண்டு, நிற்க முடியாமல் மயங்கி விழுந்தார்கள் என்று அவர்களின் தளபதி செனோபன் எழுதிவைத்திருக்கிறார். மறுநாள் தெளியத் தொடங்கினார்கள். அந்தத் தேன் இந்த இனத்துப் பூவிலிருந்து வந்தது என்றே இன்று கருதப்படுகிறது. ஆகவே பூவையோ இலையையோ வாயில் வைக்கக் கூடாது. என்னைப்போல் பீப்பி ஊதவும் முயலாதீர்கள்.

காட்டுப் பூவரசின் பங்காளிகள் இன்னும் இரண்டு பேர் நீலகிரியிலும் பழனி மலையிலும் இருக்கிறார்கள். ஒன்று கோல்தேரியா என்னும் புதர். கவிழ்த்த குடம்போல் பொடி வெள்ளைப் பூ. அதன் இலையைக் கசக்கி முகர்ந்தால், 'அட, நம் வீட்டுத் தைலம்!' என்பீர்கள். கால்வலிக்கு ஆச்சி தேய்க்கும் தைலத்தின் அந்தக் காட்டமான வாசனைக்குக் காரணமான மீதைல் சாலிசிலேட் என்னும் பொருள் இந்த இலையில் இருக்கிறது. ஊட்டியில் இந்தத் தைலத்தைக் குப்பியில் அடைத்து விற்பார்கள். தோலில் தேய்க்கத்தான் அது, குடித்தால் ஆபத்து.

இன்னொன்று வாக்சினியம். கடைகளில் இப்போது விற்கிற புளூபெரி இந்த வாக்சினியம் இனம்தான். நம் மலைகளில் இருக்கும் ஒரு வகைக்குப் புதுச்சேரியில் 1816 முதல் தாவரங்கள் சேகரித்த பிரெஞ்சுக்காரர் லெஷனோவின் பெயரை வைத்தவர் ராபர்ட் வைட் என்னும் மருத்துவர். அவருக்காக ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள் நூற்றுக்கணக்கான செடிகளை இலை நரம்பு பிசகாமல் வரைந்தார்கள். இதே வைட் 1842 முதல் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியை வளர்த்துப் பார்க்கும் அரசாங்க வேலையையும் பார்த்தார். மலைப் புதரும் கரிசல் பருத்தியும் ஒரே மனிதரின் மேசையில் இருந்திருக்கின்றன.

பருத்தி என்றதும் ஒரு பேர்ப் பொருத்தமும் சொல்ல வேண்டும். நம் கருங்கண்ணிப் பருத்தியின் அறிவியல் பெயர் காசிப்பியம் ஆர்போரியம். காட்டுப் பூவரசின் அறிவியல் பெயர் ரோடோடென்ட்ரான் ஆர்போரியம். ஆர்போரியம் என்றால் 'மரம் போன்றது'. புதர்களாக வளரும் இரண்டு இனங்களில், மரமாக உயரக்கூடியவை என்று இரண்டுக்கும் ஒரே பட்டம் கிடைத்திருக்கிறது. பருத்திக்குக் கரிசலே வீடு. அந்தக் கரிசலில்தான், நம் கோவில்பட்டியில், 1901ஆம் ஆண்டிலிருந்து வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது.

காட்டுப் பூவரசின் வீடு எங்கெங்கே? நீலகிரி, பழனி, ஆனைமலை என்று தென்னாட்டு உயர்மலைகளில் உண்டு. கடல் தாண்டி இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியில் உண்டு. அதற்கப்புறம் இமயமலைப் பக்கம்தான். நேபாளத்தின் தேசியப் பூவும் உத்தராகண்டின் மாநில மரமும் இதே ஆர்போரியம்தான். நடுவில் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் வெயில் சமவெளி. விதை எப்படித் தாண்டியது? பூமி இப்போதைவிடக் குளிர்ந்திருந்த காலத்தில் இந்தக் குளிர்மலைச் செடிகள் தாழ்ந்த குன்றுகள் வழியாகப் பரவியிருக்கலாம். பிறகு சூடு ஏற ஏற மலை உச்சிகளில் ஒதுங்கியிருக்கலாம் என்பது அறிஞர்களின் கருத்து. பழைய காலத் தட்பவெப்பத்தை அறிய, சூழலியல் அறிஞர் ராமன் சுகுமாரும் அவர் தோழர்களும் ஊட்டிக்குப் பக்கத்துச் சேண்டிநல்லாவில் சதுப்பு மண்ணைத் தோண்டிச் சோதித்து 1993இல் முடிவை வெளியிட்டார்கள். 20,000 ஆண்டுகளில் அந்த மலைகளில் புல்வெளியும் மரக்காடும் மாறி மாறி ஓங்கியதை அந்தக் கறுப்பு மண் காட்டிக்கொடுத்தது.

இதே குடும்பம் ஸ்காட்லாந்தின் மேடுகளை ஊதா நிறமாக்குகிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் எரிகா என்ற ஒரே இனத்தில் 600க்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. எங்கே போனாலும் பெரும்பாலும் அதே கதைதான்: அமில மண், சத்துக் குறைவு, வேரில் பூஞ்சை.

நம் மலைகளில் காட்டுப் பூவரசு நிற்கும் புல்வெளிகள் சுருங்கிவிட்டன. தேயிலை போட்டார்கள். வாட்டில், தைலமரம், பைன் என்று வெளிநாட்டு மரங்களை நட்டார்கள். வாட்டில் தானாகவே பரவிப் புல்லை மூடுகிறது. புல்வெளி போனால் அதன் ஓரத்து மரத்துக்கும் இடம் இல்லை. அது கீழே இறங்கி நம் காட்டுக்குக் குடிவரவும் முடியாது. ஏற்கெனவே உச்சியில் இருப்பதால் மேலே ஏறவும் வழி இல்லை.

கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ தை, மாசியில் போனால் சிவப்புப் பூ மரத்தைத் தேடிப் பாருங்கள். கீழே விழுந்த பூவை எடுத்து மகரந்த நூலை இழுத்துப் பாருங்கள். இலையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கிளையை ஒடிக்காதீர்கள், கன்றைப் பிடுங்கி ஊருக்குக் கொண்டுவராதீர்கள். மண்ணும் பூஞ்சையும் மழையும் சேர்ந்து வந்தால்தான் அது பிழைக்கும். அவற்றையெல்லாம் பையில் போட்டு எடுத்துவர முடியாது. ஊருக்குத் திரும்பியதும் எலுமிச்சை ஒன்று எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போங்கள். உங்கள் ஊர்ச் சுக்கான் கல் எவ்வளவு நேரம் நுரைத்தது என்று எங்களுக்கு எழுதுங்கள்.